நாற்பது மில்லிமீட்டர் இறக்கம்

சிவப்பா கறுப்பா, நான் தின்னுட்டு வர்றதுக்குள்ள முடிவு பண்ணி வெய்யுங்ணா என்று சொல்லிவிட்டு மெக்கானிக் சென்னியப்பன் டிபன் கேரியரோடு பட்டறைக்குப் பின்னால் போய்விட்டார். அவருக்கென்ன, நிம்மதியாகச் சாப்பிடுவார், அவருடைய வண்டி அந்தரத்தில் தொங்கவில்லை, என்னுடையதுதான் தொங்குகிறது, லிஃப்டின் கைகளில், நான்கு சக்கரமும் இல்லாமல், பழைய ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் உருவி எடுக்கப்பட்டு, பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறவனைப் போல. நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய ஹோண்டா சிட்டி, விடெக் என்ஜின் வைத்தது, கோயமுத்தூரில் விஷயம் தெரிந்தவர்கள் பெட்ரோல் பங்கில் நின்று திரும்பிப் பார்க்கிற வண்டி, விஷயம் தெரியாதவர்கள், என் மச்சான் உட்பட, இன்னுமா மாப்ள இத விக்கல என்று கேட்கிற வண்டி. மச்சானிடம் இருப்பது உயரமான வண்டி, ஏணி வைத்து ஏறுகிற உயரம், அதில் உட்கார்ந்தால் ரோடு தெரியாது, ஊர்தான் தெரியும். எனக்கு ரோடு தெரிய வேண்டும். ரோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும், எவ்வளவு பக்கம் என்பதுதான் இப்போது கேள்வி. சிங்காநல்லூர் வெயில் தகரக்கூரையில் இறங்கிக்கொண்டிருக்கிறது, கிரீஸ் வாசனையோடு பின்னாலிருந்து ரசத்தின் வாசனையும் வருகிறது, எனக்கும் பசிக்கிறது, ஆனால் முடிவு பண்ணாமல் சாப்பிடப் போனால் இலையில் சாதத்தைப் பார்க்க மாட்டேன், ஸ்பிரிங்கைத்தான் பார்ப்பேன். போன வாரம் முழுக்க இடியாப்பத்தில் கூட அதைத்தான் பார்த்தேன்.

முடிவு பண்ணுவது என்ன பெரிய விஷயம், சிவப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது, சொல்லிப் பார்க்கிறேன், சிவப்பு, பட்டறையில் யாருமில்லை, ஒன்றும் இடிந்து விழவில்லை, சிவப்பு. இதோ என் காலடியில் சாக்கின் மேல் இரண்டு குவியலாக வைத்திருக்கிறார். இடது பக்கம் சிவப்பு ஸ்பிரிங் நான்கு, கூடவே கேஸ் அடைத்த குட்டை ஷாக் நான்கு, தலையில் திருகு வைத்தவை, திருகினால் இறுகும், எதிர்ப்பக்கம் திருகினால் இளகும், இவற்றைப் போட்டால் வண்டி நாற்பது மில்லிமீட்டர் கீழே இறங்கி நிற்கும். வலது பக்கம் கறுப்பு ஸ்பிரிங், கூட சாதாரண ஆயில் ஷாக், திருகும் கிடையாது மண்ணும் கிடையாது, வண்டி கம்பெனியிலிருந்து வந்த உயரத்தில் நிற்கும், ஒழுக்கமாக, பள்ளிக்கூடத்து வேனைப் போல. கறுப்பைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, அதுதான் அதன் மேல் இருக்கிற குற்றச்சாட்டு. சிவப்பைப் பார்த்தால் கை நீளுகிறது. குனிந்து ஒன்றைத் தூக்கிப் பார்க்கிறேன், நல்ல கனம், சுருள்கள் நெருங்கி நெருங்கி வந்து கடைசியில் ஒன்றை ஒன்று தொடுகின்றன, யாரும் பார்க்கவில்லை என்பதால் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். சென்னியப்பன் சிவப்புக் கட்சி. ஒத்த வெரலுங்ணா, என்று சொல்லி ஒரு விரலை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு விரல்தான் போக வேண்டும், அதுதான் அழகு, நான்கு விரல் போனால் அது கார் இல்லை, கட்டில். இது வண்டிப் பைத்தியங்களான எங்கள் கூட்டத்தின் வழக்கம், ஸ்கேல் வைத்து அளக்க மாட்டோம், விரல் விட்டுத்தான் அளப்போம், யாராவது வண்டி நிறுத்தினால் வணக்கம் சொல்வதற்கு முன்னால் போய் விரலை விட்டுப் பார்ப்போம். யாருடைய விரல் என்று வாட்ஸப் குழுவில் ஒரு தடவை சண்டை வந்தது, ஈரோட்டுக்காரர் ஒருவர் தன் வண்டி ஒன்றரை விரல் என்று போட்டார், ஒன்றரை விரல் என்றால் என்ன கணக்கு, யாருடைய அரை விரல் என்று கேட்டேன், அவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார், பிறகு நான்தான் போன் பண்ணி மன்னிப்பு கேட்டுக் கூட்டி வந்தேன். சென்னியப்பனின் விரல் தடிமன். அவருக்கு ஒரு விரல் என்றால் எனக்கு ஒன்றேகால். ஆகவே சிவப்பு அப்படி ஒன்றும் தாழ்வில்லை. அதுவுமில்லாமல், இதை நிதானமாக யோசிக்க வேண்டும், மெத்தென்ற ஸ்பிரிங் உயரமாக நிற்கும், ஆனால் மேட்டில் ஏறி இறங்கும்போது பொத்தென்று உட்கார்ந்துவிடும், விறைத்த ஸ்பிரிங் தாழ்வாக நிற்கும், ஆனால் உட்காராது. அப்படியானால் தாழ்வான வண்டிதான் உண்மையில் உயரமான வண்டி. இதை வாணியிடம் சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும்.

வாணி என் மனைவி, பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர், ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வாள், இரண்டாம் தடவை பரீட்சையில்தான் கேட்பாள். வண்டியின் பழைய ஸ்பிரிங் தளர்ந்துபோய் பின்பக்கம் தொங்க ஆரம்பித்ததிலிருந்து, உயரமான ஸ்பீட் பிரேக்கர் வந்தால் வண்டியின் வயிறு இடிக்கும். இடிக்கிற சத்தம் இருக்கிறதே, அது வண்டிக்குக் கேட்கிறதோ இல்லையோ எனக்கு அடிவயிற்றில் கேட்கும். அதனால் ஸ்பீட் பிரேக்கருக்கு முன்னால் நிறுத்தி, வாணி, கொஞ்சம் இறங்கிக்க, என்பேன். அவள் இறங்கி நிற்பாள், பாரம் குறைந்ததும் நான் வண்டியை ஒருக்களித்தாற்போல் மெதுவாக ஏற்றி இறக்குவேன், அந்தப் பக்கம் நடந்து வந்து மறுபடி ஏறிக்கொள்வாள். இதில் தப்பென்ன இருக்கிறது, எங்கள் கூட்டத்தில் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான், ஈரோட்டுக்காரர் மாமியாரையே இறக்கிவிடுகிறவர். ஆனால் எங்கள் தெரு நலச்சங்கத் தலைவர், ரிட்டயர்டு ஆள், சும்மா இருக்க முடியாமல் தெருமுனையில் ஒரு ஸ்பீட் பிரேக்கர் கட்டி வைத்திருக்கிறார், கோயில் வாசப்படி உயரம், அதில் வாணி தினம் இறங்கி ஏற வேண்டியதாகிவிட்டது. பட்டுப்புடவையோடு இறங்கியிருக்கிறாள், சீர்வரிசைத் தட்டை ஏந்திக்கொண்டு இறங்கியிருக்கிறாள், மழையில் குடையோடு இறங்கியிருக்கிறாள், ஏனுங் டீச்சர், வீட்ல சண்டைங்களா என்று இஸ்திரி போடுகிறவர் கேட்டிருக்கிறார். ஒருநாள் டவுன் பஸ்காரன் அவள் கை காட்டியதாக நினைத்து நிறுத்தியே விட்டான். அதெல்லாம் கூட அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இந்தப் புதன்கிழமைதான் வினை. நான் ஸ்பிரிங்கைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், நாற்பது மில்லிமீட்டர் இறக்கினால் வளைவில் வண்டி எப்படிச் சாயாமல் திரும்பும் என்று, முக்கியமான இடம், தெருமுனை வந்தது, இறங்கிக்க என்றேன், இறங்கினாள், ஏற்றி இறக்கினேன், பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன், சிக்னலில் நின்று, என்ன சொல்றே என்று திரும்பினால் சீட்டில் அவளுடைய கைப்பைதான் இருந்தது. திரும்பப் போனபோது ஸ்பீட் பிரேக்கருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், போனும் பர்ஸும் பையில் இருந்ததால் வேறெங்கும் போக முடியவில்லை. ஏறி உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை. வீட்டு கேட்டைத் திறக்கும்போதுதான் சொன்னாள், ஞாயித்துக்கெழம தாராபுரம் போறோம், அண்ணன் வீட்டுப் புதுமனை, வழியில ஒரே ஒரு எடத்துல எறங்குன்னு சொன்னீங்கன்னாலும் நான் அப்படியே பஸ் ஏறிப் போயிருவேன், அப்பறம் இந்தக் கார்ல நான் ஏறவே மாட்டேன், எப்பவும். அவ்வளவுதான். ஒரு தடவை சொல்லியாயிற்று.

எப்பவும் என்றால் எப்பவும்தான். இதில்தான் போய்ப் போய்ச் சிக்கிக்கொள்கிறேன். ஏறாவிட்டால் போகட்டும், நான் மட்டும் ஓட்டிக்கொள்கிறேன் என்று இரண்டு நாள் வீறாப்பாக இருந்து பார்த்தேன், தனியாகவே கல்லாறு வரைக்கும் போய் வந்தேன், மலைப்பாதை வளைவுகள், காலையிலேயே, ரோட்டில் ஒரு ஈ காக்கா இல்லை, ஒரு வளைவை அப்படிப் போட்டேன், அப்படி ஒரு வளைவை நான் வாழ்க்கையில் போட்டதில்லை, பாத்தியா என்றேன், பக்கத்தில் யாருமில்லை. வாணி இருந்தாலும் பார்த்திருக்க மாட்டாள், அவள் மலைப்பாதையில் தூங்குகிறவள். கல்யாணமான புதிதில் வால்பாறைக்குப் போனபோது அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் தூங்கிக்கொண்டே வந்தாள், முதலில் அவமானமாக இருந்தது, அப்புறம்தான் புரிந்தது, அவள் தூங்கினால் நான் நன்றாக ஓட்டுகிறேன் என்று அர்த்தம். அவள் விழித்துக்கொண்டால் கியர் எங்கோ தப்பாக விழுந்திருக்கும். அவள் பக்கத்தில் இல்லாமல் எனக்கு இந்தக் காரை ஓட்டப் பிடிக்கவில்லை, இதை யாரிடமும் சொன்னதில்லை, ஸ்பிரிங்கை மடியில் வைத்துக்கொண்டு இப்போதுதான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆகவே கறுப்பு. கறுப்பைப் போட்டால் எந்த ஸ்பீட் பிரேக்கரிலும் இடிக்காது, யாரும் இறங்க வேண்டாம், தீர்ந்தது, கறுப்பு. சொன்னவுடனே மடியில் இருந்த சிவப்பு ஸ்பிரிங் கனக்கிறது. சூலூரில் ஒன்றும் பிரச்சினையில்லை, பல்லடத்தில்தான் ஒரு ஸ்பீட் பிரேக்கர், மோசமானது, அதற்கு முன்னால் பங்கில் நிறுத்தி, டாய்லெட் போகணும்னா போய்ட்டு வா வாணி என்று சொல்லி அவள் இறங்கியதும் நான் மட்டும் ஓட்டிக்கொண்டு போய் அந்தப் பக்கம் நின்றால்? இறங்கு என்று நான் சொல்லவில்லையே. இது ஏமாற்றா, இல்லை, வசதி செய்து கொடுப்பது. ஆனால் அவள் வெளியே வந்து பார்க்கும்போது கார் இருக்காது, அதுவும் ஏற்கனவே ஒரு தடவை ஆகிவிட்டது. வேண்டாம். ஏதாவது சாமான் வாங்கிவரச் சொன்னால்? பல்லடத்தில் என்ன சாமான், கோழிதான் கிடைக்கும், புதுமனைக்குக் கோழியோடு போக முடியாது.

ஏனுங்ணா, பக்கத்து சீட்ல எப்பவும் யாரு உக்காருவாங்க, என்று பின்னாலிருந்து சென்னியப்பன் சத்தம் போடுகிறார், வாயில் சோறு. வாணிதான் என்கிறேன். அக்கா எத்தன கிலோ இருப்பாங்க என்கிறார். அடுத்த கஷ்டம். சென்னியப்பனின் வேலைமுறை அது, ஸ்பிரிங் மாட்டி வண்டியைக் கீழே இறக்கி, வழக்கமாக யார் யார் உட்காருவார்களோ அந்தந்த இடத்தில் அந்தந்த எடைக்குப் பக்கத்துக் கடையிலிருந்து புண்ணாக்கு மூட்டை கொண்டுவந்து வைத்து, அதற்கப்புறம்தான் அடியில் இருக்கிற நட்டுகளை இறுக்குவார், அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும் என்பார். சரியான முறைதான். ஆனால் வாணி எத்தனை கிலோ என்று எனக்கு எப்படித் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் ஜாதகத்தில் எல்லாம் போட்டிருந்தார்கள், இதைப் போடவில்லை. என்ஜின் எத்தனை கிலோ என்று கேட்டால் சொல்வேன், ஸ்டெப்னி எத்தனை கிலோ என்று சொல்வேன். குத்துமதிப்பாகச் சொல்லலாம், கூடச் சொல்லிவிட்டால் சென்னியப்பன் என்றைக்காவது அவளிடம் உளறிவிடுவார், குறைத்துச் சொன்னால் புஷ் கிழிந்துவிடும், எது பெரிய ஆபத்து என்று யோசித்து, சிவப்பு ஸ்பிரிங்கைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்திருக்கும். வாணி, ஒண்ணுமில்ல, சும்மா, நீ எத்தன கிலோ? அந்தப் பக்கம் ஸ்டாஃப் ரூமில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. எதுக்குங்க? நட்டு முறுக்கறதுக்கு, என்றேன். இதைவிட நல்ல பதில் ஒன்று இருந்திருக்கும். உன் எடைக்குப் புண்ணாக்கு மூட்டை வெக்கணும், அதான். சொல்லி முடிப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. எந்தப் பட்டறை, சிங்காநல்லூர்தானுங்களே, அங்கயே இருங்க, மூட்டையெல்லாம் வேண்டாம், நானே வர்றேன், என்று போனை வைத்துவிட்டாள்.

வருகிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்கூட்டரில் வர அதிக நேரமாகாது. சிவப்பு ஸ்பிரிங்கை அவள் பார்க்கக்கூடாது என்று ஏன் தோன்றியது எனக்கு, திருட்டுச் சாமானா, ஆனாலும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் பழைய டயர்களுக்குப் பின்னால் வைத்தேன், வைத்துவிட்டுத் திரும்பினால் சாக்கின் மேல் கறுப்பு ஸ்பிரிங் மட்டும் தனியாக, நான் ஏற்கனவே முடிவு பண்ணிவிட்டதைப் போல இருந்தது, மறுபடி போய் இரண்டு சிவப்பைத் தூக்கி வந்தேன். கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினாள், மேலே தொங்குகிற வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சட்டையில் இருந்த கிரீஸைப் பார்த்தாள். கையைக் கழுவிவிட்டு வந்த சென்னியப்பன், வாங்க்கா, உக்காருங்க என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. இதுதான் அந்த நாப்பதுங்களா, என்றாள் என் கையைக் காட்டி. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், இத்தனை மாதமாக, இடியாப்பம் பரிமாறும்போதும் சிக்னலிலும் நான் பேசியதையெல்லாம். ஆமா, என்றேன். இந்தக் கேஸ் ஷாக்கு இதுக்குத்தானுங்களே ஜோடி? ஆமா. அது? அது சாதா. உங்களுக்கு எது புடிச்சிருக்கு? பொய் சொல்ல நினைத்தேன், வரவில்லை, சிவப்பு, என்றேன். அப்ப அதையே போட்டுக்கங்க, என்றாள். அவ்வளவு சாதாரணமாக. வாரக்கணக்கில் நான் தூங்காமல் புரண்டது எதற்கு, முட்டாள்தனம், கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள். சென்னியப்பன் எனக்கு ஒரு விரலை நீட்டிக் காட்டிச் சிரித்தார். சந்தோஷத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை, பல்லடத்துல மட்டும் ஒரு ஸ்பீட் பிரேக்கர் கொஞ்சம் உயரம் வாணி, என்று நானே போய் மாட்டிக்கொண்டேன். தெரியுமுங்க, என்றாள், அங்க ஒருத்தர் எறங்கித்தான் ஆகோணும், நீங்க எறங்கிக்கங்க, நான் ஓட்டறேன்.

அதுவும் சரிதானுங்க்கா, அண்ணன் எறங்குனா வண்டி இன்னும் நல்லாத் தூக்கிக் குடுக்கும், என்று சென்னியப்பன் யோசித்துச் சொன்னார், விளையாட்டாகச் சொல்லவில்லை, பாரத்தை மனதில் கணக்குப் போட்டுத்தான் சொன்னார். அவளுக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்ல முடியாது, லைசென்ஸ் வைத்திருக்கிறாள், தாராபுரம் போனால் அண்ணனின் அந்த ஏணி வண்டியை அவள்தான் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போவாள், என் வண்டியை மட்டும் ஓட்டியதில்லை, அவள் கேட்டதில்லை, நான் கொடுத்ததில்லை. பல்லடம் கண்முன்னால் வந்தது. ரோட்டோரத்தில் பட்டு வேட்டியோடு நான், மடித்துக் கட்டினால் கசங்கும், கட்டாவிட்டால் புழுதி, பஸ் ஜன்னலெல்லாம் தலை, ஒரு கையில் மச்சானுக்கு வாங்கிய குத்துவிளக்கு, அந்தப் பக்கம் என் வண்டி மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி, ஒரு விரல் இடைவெளியில் அத்தனை அழகாக நின்று, நிற்குமா, நின்றுவிட்டுத்தான் போகுமா, அவள் பாட்டுக்கு எதையாவது யோசித்துக்கொண்டு, நான் விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி, அப்புறம் பொங்கலூரில், அப்புறம் எங்கள் தெருமுனையில் தினம் காலையில் தினம் சாயங்காலம், என்னங் சார், வீட்ல சண்டைங்களா. கறுப்பு, என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான். கறுப்பே போட்டுருங்க சென்னியப்பன். வாரக்கணக்கில் வராத முடிவு எச்சில் விழுங்குகிற நேரத்தில் வந்துவிட்டது. சென்னியப்பன் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார், அவருக்கு வருத்தம்தான், இருந்தாலும் என் கையில் இருந்த சிவப்பு இரண்டையும் வாங்கிக்கொண்டு போய் சாக்கில் வைத்தார். வாணி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டாவது இருக்கலாம். கைக்குட்டையை எடுத்து என் கன்னத்தில் இருந்த கிரீஸைத் துடைத்துவிட்டாள், இப்பத்தான் எறங்கற கஷ்டம் தெரியுதுங்களா என்று கேட்பாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. நல்லதுங்க, என்றாள், ஆனாலும் நாளைக்கு நான்தான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல வந்து தூங்குங்க. சென்னியப்பன் லிஃப்டின் பட்டனை அழுத்தினார், வண்டி முனகிக்கொண்டு வேலைக்குத் தோதான உயரத்துக்கு இறங்கி வந்தது, இடது பக்கக் கதவு என் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. அந்தக் கதவைத் திறந்து அந்தப் பக்கம் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.